காலியாக விடவேண்டிய கட்டம்

போன வாரம் நடை முடிந்து இளநீர் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் என்னைக் கேட்டீர்கள்: "ஏனுங்க, உங்க மக பேத்தியெப் பள்ளிக்கோடத்துக்கே அனுப்பாம ஊட்டுலயே வெச்சுப் படிக்க வெக்கறாளாமே, போலீசு கீலீசு வந்து புடிச்சுக்காதுங்களா?" எல்லோரும் சிரித்தோம். நான்தான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் நடைக் குழுவின் வாட்ஸ்அப்பில், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே இவ்வளவு நீளமாக எழுதுகிறாளே என்று திட்டாதீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். ஐம்பத்தைந்தைத் தாண்டிய நமக்கு வேறென்ன வெட்டி முறிக்கிற வேலை இருக்கிறது.

முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். போலீஸ் வராது. ஆறு வயதிலிருந்து பதினான்கு வரை கட்டாயக் கல்வி என்று ஒரு சட்டம் இருக்கிறதே, அந்தக் கட்டாயம் அரசாங்கத்துக்குத்தான், வீட்டில் சொல்லிக்கொடுக்கிற அம்மா அப்பாவுக்குத் தண்டனை என்று அதில் ஒன்றும் இல்லை என்கிறாள் என் மகள். வீட்டுப் படிப்புக்கென்று பதிவு கிடையாது, அனுமதிக் கடிதம் கிடையாது, பார்வையிட அதிகாரி வருவது கிடையாது. பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் பத்திரமாக இருக்கவேண்டும். இடையில் நிறுத்தியிருந்தால் பழைய பள்ளியில் டி.சி. வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை என்ன படித்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால் நல்லது. பதினான்கு வயது நிறைந்ததும் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவது எழுதலாம். அவ்வளவுதானாம். நான் வக்கீல் இல்லை, அவள் சொன்னதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது கிளம்பினால் நன்றாக விசாரித்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.

பேத்திக்கு அடுத்த மாதம் பதினான்கு முடிகிறது. மகள் லேப்டாப்பில் விண்ணப்பத்தைத் திறந்து, "அம்மா, இங்க பாருங்க, கடைசியாப் படிச்ச பள்ளிக்கூட விவரம் இல்லேன்னா இந்தக் கட்டத்தக் காலியா விட்டறலாமாம்" என்று காட்டினாள். நான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காப்பி ஆறிப்போகிறது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இந்த வீட்டுப் படிப்பை ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று நினைக்கிறீர்கள். நான் வீட்டுப் பள்ளியில் படித்தவள். ஒரு வருடம்கூட முழுதாக இல்லை, ஆடியிலிருந்து மாசி வரை. எங்கள் பள்ளிக்கு மணி இருந்தது, வருகைப் பதிவேடு இருந்தது, தலைமை ஆசிரியர் இருந்தார், முத்திரையும் இருந்தது. மாணவிகள் இரண்டே பேர், என் அக்காவும் நானும்.

எங்கள் வீடு கணபதியில், முன்னால் வீடு, பின்னால் அப்பாவின் கிரைண்டர் பட்டறை. நாள் முழுதும் கல் கொத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். சமையலறை வரைக்கும் கல் தூசி வரும். அம்மா சோற்றுப் பானையைத் துணி போட்டுக் கட்டித்தான் வைப்பாள். செய்து முடித்த ஒவ்வொரு கிரைண்டரிலும் இரண்டு படி ஊறின அரிசியைப் போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த மாவு வீட்டுக்கு வந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் வருடம் முழுக்க இட்லி. இப்போதும் எனக்கு இட்லியைக் கண்டால் ஆகாது.

அக்கா அப்போது பத்தாம் வகுப்பு சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் ஐந்தாவது. இரண்டு பேரும் ஒரே பெண்கள் பள்ளி. அக்கா ஒருநாள் கறுப்பு ரிப்பன் கட்டாமல் போய்விட்டாள் என்று வகுப்புக்கு வெளியே நிற்கவைத்துவிட்டார்கள். அதைக் கேட்கப் போனார் அப்பா. தலைமை ஆசிரியை ஏதோ எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். எதிரில் இரண்டு நாற்காலிகள் காலி. உட்காருங்கள் என்று சொல்லவில்லை. அப்பா நின்றார். பியூன் வந்து பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் தலைமை ஆசிரியை தலையை நிமிர்த்தியபோது அப்பா ரிப்பனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ரெண்டு புள்ளைங்களுக்கும் டி.சி. குடுத்துருங்" என்று மட்டும் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்து அந்த இரண்டு காகிதத்தையும் மேசைமேல் வைத்தார். முகம் கறுத்துப் போயிருந்தது. "நாங் குடுத்த கிரைண்டர்லதான் அவங்க ஆஸ்டல்ல மாவாட்டித் திங்கறாங்க. என்னைய உக்காருங்கன்னு ஒரு வார்த்தெ சொல்லுலெ" என்றார்.

அம்மா பயந்துகொண்டே, "ஏனுங்க, பக்கத்துல இன்னொரு பள்ளிக்கோடம் இருக்குதுங்களே" என்றாள்.

"இனி எந்தப் பள்ளிக்கோடத்து வாசலையும் என்ற புள்ளைங்க மிதிக்கப் போறதில்லெ. நானே படிக்க வெக்கறேன்."

அப்பா எட்டாவது வரை படித்தவர். ஆங்கிலப் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார், அர்த்தம் கேட்டால் கோபம் வரும்.

பட்டறையின் ஆபீஸ் அறைதான் வகுப்பு. சிவப்பு சிமெண்டுத் தரை, சுவரோரம் அடுக்கிய குழவிக்கல்கள், நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி. எங்களுக்கு உட்காரப் பாய்கூடக் கிடையாது. முதல் நாள் நான் சம்மணம் போட்டு உட்காரப் போனேன். "எந்திரி" என்றார். "நின்னாத்தான் தெரியும், நிக்கறவனுக்கு எப்படி இருக்கும்னு." காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு, பிறகு இரண்டிலிருந்து நான்கு, நின்றுகொண்டே படித்தோம். சிலேட்டை இடது கையில் பிடித்து வலது கையால் எழுதினோம். நாற்காலி கொடுக்காதது அந்த அம்மாள், நின்றது நாங்கள். பத்து வயதில் எனக்கு இது அநியாயம் என்றுகூடத் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் என்றால் இப்படியும் இருக்கும்போல என்று நினைத்தேன்.

ஒரு வாரத்தில் முத்திரை வந்தது. டவுன்ஹால் பக்கம் போய் ரப்பர் ஸ்டாம்ப் செய்துவந்தார். வட்டமாக, ஓரத்தில் அவர் பெயரிலேயே பள்ளியின் பெயர், நடுவில் தலைமை ஆசிரியர் என்ற எழுத்து. மரக் கைப்பிடியைப் பட்டறை லேத்தில் அவரே கடைந்து பாலீஷ் போட்டார். உள்ளங்கையில் வைத்தால் அவ்வளவு அழகாகப் பொருந்தும். ஊதா மை, தகர டப்பாவில். திறந்தவுடன் வரும் அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். வருகைப் பதிவேட்டில், நோட்டில், காலண்டரில், எங்கள் டி.சி.யின் பின்பக்கத்தில்கூடக் குத்தினார். முத்திரை இருந்தால்தான் சட்டப்படி பள்ளிக்கூடம் என்று மனசார நம்பினார். சட்டம் கேட்காத எல்லாவற்றையும் செய்தார் மனுஷர்.

என்னை மானிட்டர் ஆக்கினார். காரணம் நான் கெட்டிக்காரி என்பதல்ல. சொன்னதைத் திருப்பிச் சொல்வேன், ஏன் என்று கேட்கமாட்டேன். முத்திரையும் மை டப்பாவும் மைதாப் பசையும் என் பொறுப்பு. கவர் ஒட்டுவதும் நான்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

டிக்டேஷனில் மூன்று பிழைக்குமேல் போனால் நெற்றியில் முத்திரை. சாயங்காலம் வரை கழுவக்கூடாது. அப்பா தலையசைத்தால் நான் குத்த வேண்டும். அக்காவுக்கு அநேகமாகப் பிழையே வராது. ஆனாலும் அவள் நெற்றியில்தான் தினமும் ஊதா வட்டம் இருந்தது. நின்ற விதம் சரியில்லை, பதில் சொன்ன தொனி சரியில்லை என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஈரோட்டிலிருந்து கிரைண்டர் எடுக்க வந்த வியாபாரி அவளைப் பார்த்து, "என்னுங்க இது, அம்மிணி பொட்டு இத்தாப்பெருசா வெச்சுருக்குது" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா தலையைக் குனியவில்லை. வேர்த்து மை புருவத்தில் வழிந்தபோதும் துடைக்கவில்லை.

நான் அழுத்திக் குத்துவேன். அதையும் சொல்லிவிடுகிறேன். மெதுவாகக் குத்தினாலும் மை ஒட்டும், எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் தலை பின்னால் போகிற அளவுக்கு அழுத்துவேன். அப்பா பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று.

கார்த்திகை மாதம் ஒரு கணக்கை அப்பா தப்பாகப் போட்டுவிட்டார். அக்கா, "இல்லீங்கப்பா, ரெண்டு பக்கமும் கழிக்கோணுமுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னாள். அப்பா சாக்பீஸை வைத்தார். பதிவேட்டை எடுத்து அவள் பெயரைச் சிவப்பு மையில் அடித்தார். "இந்தப் பள்ளிக்கோடத்துல இப்படி ஒருத்தி இல்லெ" என்றார். ஒரு வாரம் அவள் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்று உத்தரவு. அவள் கல் கொத்துகிற கொட்டகைக்கு அருகில் வெயிலில் நின்றாள். சாப்பிட வா என்று கூப்பிடப் பெயர் இல்லை. அம்மா தட்டில் போட்டுக் கிணற்றடியில் வைத்துவிட்டு, பாத்திரம் தேய்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பாள். கல் கொத்துகிறவர்கள் அவள் பக்கம் திரும்பாமல் வேலை செய்தார்கள். அந்த ஒரு வாரமும் காலையில் பதிவேடு எடுத்து நான் என் பெயரை மட்டும் வாசித்து, நானே "உள்ளேன் ஐயா" என்றேன். பெருமையாக இருந்தது எனக்கு.

அந்த வாரம் முடிந்ததும் அக்கா மாறிவிட்டாள். அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. ஒருநாள் வகுப்பு முடிந்ததும், "ஏனுங்கப்பா, நம்ம பள்ளிக்கோடத்துத் தரம் வெளியாளுங்களுக்கு எப்படித் தெரியுமுங்க? நான் பத்தாவது பரிச்சை எழுதிப் பாஸ் பண்ணுனா, அந்த டீச்சருக்கு மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்குமல்லங்க" என்றாள்.

இது அப்பாவுக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அக்காவுக்கு அது வெறும் பரிட்சை இல்லை. சத்தியமங்கலத்தில் அம்மாவின் தம்பி, எங்கள் மாமன், கரும்புக்காட்டோடு காத்திருந்தார். "படிப்பு நின்னுபோச்சுன்னா எதுக்குக்கா வெச்சிருக்கறீங்க" என்று அம்மாவிடம் இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார். பத்தாவது பாஸானால் அக்கா ஈரோட்டில் ஆஸ்டலில் சேர்ந்து மேலே படிப்பாள், கணக்கு டீச்சர் ஆவாள். இல்லாவிட்டால் கரும்புக்காடுதான். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

அப்பா கல்வி அலுவலகத்துக்கு அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த கிளார்க் வயதானவர், வெற்றிலை போட்டவர். "வாங்க வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வரவழைத்தார். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த டீக்காகவே கிளார்க் எது சொன்னாலும் அப்பா கேட்டிருப்பார்.

கிளார்க் நிதானமாகச் சொன்னார். "ஒண்ணும் பெரிய கஷ்டமில்லீங்க. தனித்தேர்வரா எழுதலாம். பதினாலரை வயசு முடிஞ்சிருக்கோணும், பாப்பாவுக்கு முடிஞ்சிருச்சு. டி.சி. இருக்குது. ரெண்டு போட்டோ, கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து. அவ்வளவுதானுங்க." பிறகு விண்ணப்பத்தைத் திருப்பி, கீழே ஒரு கட்டத்தைப் பேனாவால் தொட்டார். "இங்க மட்டும் பாத்துக்குங்க. பள்ளி முத்திரைன்னு போட்டிருக்குதல்லங்க, இது பள்ளிக்கோடத்துலருந்து எழுதற புள்ளைங்களுக்கு. நீங்க ஒண்ணும் வெக்காதீங்க, காலியா உட்டுருங்க. முத்திரை இருந்துதுன்னா எந்தப் பள்ளிக்கோடம், அங்கீகாரம் எங்கன்னு கேட்டு அப்படியே திருப்பிப்போடுவாங்க."

அப்பா கொஞ்சம் முகம் சுருங்கினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் ஒப்புக்கொண்டார். "சரிங்க, வெக்கலீங்க" என்றார்.

தை பிறந்து, ஒரு மத்தியானம் அக்கா அந்த விண்ணப்பத்தை நிரப்பினாள். அப்பாவின் மேசையில், நின்றுகொண்டுதான். நீல மைப் பேனா, முத்து முத்தான எழுத்து. போட்டோவில் நெற்றி சுத்தமாக இருந்தது. போட்டோ எடுக்கிற அன்றைக்கு மட்டும் அப்பா முத்திரைக்கு விடுமுறை விட்டிருந்தார். அக்கா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு எழுதினாள். அவள் பாடி நான் ஆறு மாதமாகக் கேட்டிருக்கவில்லை.

"எனக்கும் இதுமாதிரி வருமாக்கா?" என்று கேட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்ததை நான் மறக்கவில்லை. "உனக்கெதுக்குப் புள்ளெ பரிச்சை? நீ அப்பனுக்கு முத்திரை குத்திக்கிட்டுக் கெட. நாம் போயிருவேன். அதுக்கப்புறம் இந்தப் பள்ளிக்கோடத்துல நீ ஒருத்திதான். யாரு நெத்தியில குத்துவாருன்னு பாக்கறேன்."

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள். அப்பா ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கவரை ஒட்டச் சொல்லி என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள்.

நான் தனியாக நின்றேன். யார் நெற்றியில்? அதுவரை அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. இரண்டு பேரில் ஒருவர் போனால் மீதி ஒருவர்தானே. பயம் பாதி, வன்மம் பாதி. இப்போது கணக்குப் பார்த்தால் வன்மம் கொஞ்சம் கூடவே இருக்கும். கிளார்க் சொன்னது ஒரு எழுத்து விடாமல் எனக்கு ஞாபகம் இருந்தது. சொன்னதைத் திருப்பிச் சொல்வதில்தானே நான் கெட்டிக்காரி. மை டப்பாவைத் திறந்தேன். முத்திரையை இரண்டு தரம் ஒற்றி, அந்தக் கட்டத்துக்குள் வைத்து அழுத்தினேன். கோடு தாண்டவில்லை, எழுத்து சிதையவில்லை. அந்த வருடம் நான் குத்தின முத்திரைகளிலேயே அதுதான் அழகு. ஊதிக் காயவைத்து, மடித்துக் கவரில் போட்டு, மைதாப் பசை தடவி ஒட்டினேன். பொழுதோடு அப்பா ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார்.

அக்கா படித்தாள். பட்டறைச் சத்தத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தாள். மாசி கடைசியில் கவர் திரும்பி வந்தது. அங்கீகாரம் பெறாத பள்ளியின் முத்திரை இருப்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று நாலு வரி. மறுபடி அனுப்பக் கடைசி நாள் தாண்டிவிட்டிருந்தது.

அக்கா அதைப் பட்டறை நடுவில் நின்று படித்தாள். சோதனைக்கு ஒரு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. "அப்பா" என்று கத்தினாள். அப்படி அந்த வீட்டில் யாரும் கத்தியதில்லை. கல் கொத்துகிற சத்தம் நின்றது. "வெக்கமாட்டேன்னு அந்தப் பெரியவருகிட்டச் சொன்னீங்களே. ஏனுங்கப்பா வெச்சீங்க?"

அப்பா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கணம் ஒன்றும் புரியாத திகைப்பு வந்தது. நான் பார்த்தேன். கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சுற்றிலும் வேலைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமை ஆசிரியருக்குத் தெரியாமல் முத்திரை விழுந்தது என்று எப்படிச் சொல்வார்? அவருக்குத் தெரியாமல் அந்த வீட்டில் எறும்பு நகர்ந்தது என்று ஒப்புக்கொள்வதைவிட, மகள் வாழ்க்கையைக் கெடுத்தவர் என்ற பெயர் அவருக்குச் சுலபமாக இருந்தது.

"ஆமா, வெச்சேன்" என்றார். "என்ற பள்ளிக்கோடம், என்ற முத்திரை. இப்ப என்னங்கறே?"

அக்கா ஆபீஸ் அறைக்குள் போனாள். முத்திரையை எடுத்துவந்து, ஓடுகிற கிரைண்டருக்குள் போட்டாள். மரம் கடகடவென்று கத்தி உடைந்தது. மாவு ஊதாவாகச் சுழன்றது. அப்பா சுவிட்சை அணைக்கவில்லை. யாருமே அணைக்கவில்லை. கடைசியில் அம்மா ஓடிவந்து அணைத்துவிட்டு, அந்த மாவை இரண்டு கையாலும் வழித்து வாளியில் போட்டு வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள். அவள் விரல்களில் பல நாள் அந்த ஊதா இருந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது என்று நாற்பத்தைந்து வருடத்துக்குமேலாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த முறை எழுதலாமே என்று அம்மா அழுதுபார்த்தாள். "ரெண்டாந்தரம் போயி நிக்கமாட்டேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். அடுத்த தையில் அக்காவுக்குக் கல்யாணம். பதினெட்டு ஆகட்டும் என்றுகூட யாரும் காத்திருக்கவில்லை. மாமன் பேருந்துப் படியில் அவளை ஏற்றினபோது அவள் என்னை மட்டும் கட்டிக்கொண்டு, "நீ சூதானமா இரு கண்ணு. அந்தாள நம்பாதெ" என்றாள்.

என் விஷயம் கேளுங்கள். முத்திரை போனதும் அப்பாவுக்குப் பள்ளிக்கூடம் அலுத்துவிட்டது. ஜூன் மாதம் பக்கத்துப் பள்ளியில் என்னைச் சேர்த்தார். அங்கே தலைமை ஆசிரியர் உட்காருங்கள் என்று சொன்னாராம். அந்த டி.சி.யின் பின்னால் ஊதா வட்டம் இருந்தது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பி.காம். படித்தேன், பாங்கில் சேர்ந்தேன், ரிட்டயர்மெண்டுக்கு முன்பே விருப்ப ஓய்வு வாங்கி உங்களோடு நடக்கிறேன். அக்கா கரும்புக்காட்டில் சர்க்கரை காய்ச்சுகிற அடுப்புக்கு முன்னால் முப்பது வருடம் நின்றாள். மாமன் குடித்தார், அடித்தார், ஒருநாள் செத்தும்போனார். பிள்ளை இல்லை.

அப்பாவுக்குக் கடைசி நாட்கள் ஆஸ்பத்திரியில். நான்தான் பக்கத்தில் இருந்தேன். அக்கா அதுவரை ஒரு தடவைகூட அவரோடு பேசவில்லை. நல்லது கெட்டதுக்கு வருவாள், அம்மாவோடு உட்கார்வாள், அவர் இருக்கிற அறைக்குள் வரமாட்டாள். அம்மா செத்தபோதுகூட அப்படித்தான். நான் போன் போட்டு அழுததால் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"வேண்டாம். எங்களெ நிக்க வெச்சுத்தான பழக்குனாரு. நான் நின்னுக்கறேன்" என்றாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். குரல் காற்றாகத்தான் வந்தது. "அம்மிணி. அந்த முத்திரையெ நான் வெக்கலெ."

அக்கா சிரித்தாள். "சாகப்போறப்பவும் பொய்யிங்களாப்பா?"

"சத்தியமா வெக்கலெ கண்ணு. நீயாவது நம்பு."

என் கையில் கஞ்சி டம்ளரும் ஸ்பூனும் இருந்தன. அவர் என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. சின்னவளுக்கு அதெல்லாம் என்ன தெரியும் என்று கடைசிவரைக்கும் நினைத்திருக்கிறார். வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். மறுநாள் காலையில் அவர் போய்விட்டார். அவர் வாழ்க்கையில் எத்தனையோ அக்கிரமம் செய்தவர். செய்யாத ஒன்றுக்குத்தான் தண்டனை வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது என்னவென்றால், பேத்திக்குக் கணக்கு வரவில்லை. என் மகள் இணையத்தில் யார் யாரையோ பார்த்துவிட்டு, "சத்தியமங்கலத்துப் பெரியம்மாதாம்மா கணக்குல புலி, அவங்களையே கூட்டிட்டு வந்துரலாம்" என்று சொல்லிவிட்டாள். போனில் கேட்டவுடன் அக்கா சரியென்றுவிட்டாள். எத்தனை வருடம் கழித்து அவள் குரலில் அந்தப் பாட்டு முணுமுணுக்கிற தொனியைக் கேட்டேன் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் டீச்சர் ஆகப்போகிறாள், அறுபது வயதுக்குமேல், என் வீட்டில், என் தயவில். விண்ணப்பத்தைப் பற்றி மகளிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "அந்தக் கட்டத்துல ஒண்ணும் வெச்சுப்போடாதெ கண்ணு. ஊட்டுல ஆம்பளைங்க கைக்கு எட்டாம வெய்யி. முடிச்சதும் உங்கம்மாகிட்டக் குடுத்துரு, அவ பத்திரமா வெச்சுக்குவா."

திங்கட்கிழமை வருகிறாள். காலை நடைக்கும் கூட்டிவருவேன். நம் கூட்டத்தில் அவளுக்கு நல்ல பேச்சுத்துணை கிடைக்கும். இந்தக் குழுவில் அவளைச் சேர்க்கவேண்டாம், அவளிடம் நல்ல போன் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். இதைப் படித்தவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். அவள் மனசு நோகும் என்று சாக்குச் சொல்லமாட்டேன். எனக்காகத்தான் கேட்கிறேன். அவளுக்கு இந்த உலகத்தில் இருப்பது நான் ஒருத்திதான், எனக்கும் அப்படியே.

பூங்கா பெஞ்சில் அவளுக்கு ஒரு இடம் விட்டு உட்காருங்கள். வந்ததும் உட்காருங்க என்று சொல்லுங்கள். அவள் உட்காரமாட்டாள். இருந்தாலும் சொல்லுங்கள்.